நிற்கும்போதே இறங்கும் கார் பேட்டரி

பழைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சென்னை வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளரும், உண்மைதான். ஆனால் புதியதையும் இறக்கிவிடும் கோளாறு வண்டிக்குள்ளேயே இருக்கலாம்.

ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். அது சரியென்றால், முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். அப்போதும் 12.6 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கினால் பேட்டரிதான் போச்சு.

இறங்கவில்லையா? கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் இணையுங்கள். சாவி போடவே கூடாது. அரை மணி கழித்தும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், நிற்கும்போதே ஏதோ மின்சாரத்தை இழுக்கிறது; ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அந்த லைனில்.

என் வண்டியில் அது டிக்கி விளக்கு. கடல் காற்றில் சுவிட்ச் துருவேறி, மூடிய பிறகும் எரிந்திருக்கிறது. போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள்ளே வைத்து மூடித்தான் கண்டுபிடித்தேன்.