டீசல் குடித்த மணலைச் சுத்தம் செய்வது எப்படி

என் தகப்பனார் வள்ளங்களுக்கும் லாஞ்சுகளுக்கும் டீசல் விற்றவர். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கிடங்கு. மண்ணுக்குள் ஓர் இரும்பு டேங்க், மேலே பேரல் வரிசை, ஒரு கைப்பம்பு. அவர் காலமான பிறகு வியாபாரத்தை நிறுத்திவிட்டு அங்கே தென்னை வைத்தேன். பன்னிரண்டு கன்றுகளில் ஏழு பட்டுப்போயின. தண்ணீர் போதவில்லையென்று இன்னும் ஊற்றினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு லாத்தா தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து, "தம்பி, இதை மோந்து பாருங்கள்" என்றார். அதற்கு மேல் கன்றுகளின் நோயை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கரையில் பழைய டீசல், மண்ணெண்ணெய்க் கிடங்கு வைத்திருப்பவர்கள் முதலில் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நம்முடையது மணல். மணலுக்குள் மழைநீர், கடலின் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீர் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு ஏறிவரும். டீசல் லிட்டருக்கு 840 கிராம் அளவுதான், தண்ணீரைவிட லேசு. ஆகவே அது நேராக அந்த நல்ல நீரின் தலையில் போய் உட்காரும். "மோட்டார் வைத்து ஒரே இறைப்பாக இறைத்துவிடுங்கள்" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். அப்படி இறைத்திருந்தால் லாத்தாவின் கிணற்றில் டீசலோடு உப்பும் சேர்ந்திருக்கும்.

டேங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நீங்களே தொடாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். உள்ளே எரிவாயு இல்லையென்று தகுதியுள்ளவர் சான்று எழுதித் தராமல் வெல்டிங், கட்டிங் எதுவும் கூடாது. அடியில் தங்கிய கசடு 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025இல் மத்திய அரசு தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. எனவே தோண்டுவதற்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிவிடுவது நல்லது. மண்ணை மலிவாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்தார். எங்கே கொட்டுவீர்கள் என்றேன். கண்மாய்க்கரைப் பக்கம் கையைக் காட்டினார். வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

எதுவரை கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு வாயகன்ற கண்ணாடிப் புட்டியும் மண்வெட்டியும் போதும். இரண்டடிக்கு ஒரு பிடி மண் எடுத்துப் புட்டியில் பாதி போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். மேலே வானவில் படலம் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். நம் பக்கத்துச் சதுப்பில் இரும்புப் பாக்டீரியாவும் அதே மினுமினுப்பைக் காட்டும். ஓர் ஈர்க்கால் படலத்தைக் கீறுங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டுதுண்டாக நிற்கும். எண்ணெய் என்றால் கீறிய கோடு மூடிக்கொண்டு மறுபடி ஒன்றாகிவிடும். எங்கள் மேற்கு மூலையில் ஆறடி ஆழத்து மணல் கண்ணுக்கு வெளுப்பாகத்தான் இருந்தது. புட்டியில் படலம் உடனே மூடிக்கொண்டது.

தோண்டுவதற்கு மே மாதக் கடைசிதான் சரியான காலம். நீர்மட்டம் அப்போதுதான் இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் நீருக்குள் மறையும் எண்ணெய்ப் பட்டை வெளியே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் ஆளும் கிடைக்கும். மணல் குழி சரியும், எனவே பக்கங்களைச் சாய்வாக வெட்டுங்கள். செங்குத்தான குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். பெட்ரோல் இருந்த இடமென்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு வல்லுநரைக் கூப்பிடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், குழிக்குள்ளேயே தங்கும். பெட்ரோலில் பென்சீனும் உண்டு. நான் இனிச் சொல்லும் பரப்பிக் கிளறும் முறை டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டும்.

இறால் பண்ணைக் குளங்களுக்கு விரிக்கும் கறுப்பு ஷீட்டை மேட்டில் விரித்து, சுற்றிலும் ஓரடி வரப்பு கட்டி, மண்ணை ஓரடி கனத்துக்குப் பரப்புங்கள். வேலை செய்வது மண்ணிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று, ஈரம், உரம் வேண்டும். வாரம் ஒருமுறை அடிவரை கிளறிவிட வேண்டும். மணல் ஈரம் பிடிக்காது என்பதால் தென்னை நார்க்கழிவை நல்ல தண்ணீரில் அலசிக் கலந்தேன். அலசாவிட்டால் அதிலேயே உப்பு இருக்கும். பழைய சாணமும் கொஞ்சம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் ஈரத்தின் பதம்.

உரத்தைக் கணக்குப் போட்டே வையுங்கள். கிலோ மண்ணில் 5,000 மில்லிகிராம் எண்ணெய் என்று ஆய்வகம் எழுதித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 5 கிலோ எண்ணெய். அதில் கார்பன் ஏறத்தாழ 85 சதவீதம், அதாவது 4.25 கிலோ. நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது பரவலான விகிதம். அந்த டன்னுக்கு, பாஸ்பரஸும் நைட்ரஜனும் உள்ள டிஏபி உரம் 200 கிராம், மீதி நைட்ரஜனுக்கு யூரியா 850 கிராம் வரும். இதை நான்காகப் பிரித்து, சில வார இடைவெளியில் வையுங்கள். நான் மொத்தத்தையும் ஒரே நாளில் போட்டு, செலவை மிச்சம் பிடிக்கிறேனென்று உவர்க் கிணற்று நீரையும் தெளித்தேன். மறுநாள் அமோனியா வீச்சத்தில் கண் எரிந்தது. பத்து நாளில் மேலே வெள்ளை உப்புப் பொருக்கு. நுண்ணுயிர்களுக்கு உப்பு ஆகாது. டீசல் வாடை ஒரு மாதம் அப்படியே கிடந்தது. பிறகு லாரித் தண்ணீர்தான் வாங்கினேன். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் மண்ணுக்கும் நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதல் இரண்டு மூன்று மாதங்களில் எண்ணெய் மளமளவென்று குறையும். கனமான பகுதி மட்டும் மெதுவாகத்தான் போகும். அக்டோபர் மழைக்கு முன் தார்ப்பாயால் இறுக மூடிவிடுங்கள். சோப்புத் தூள் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது எண்ணெயை அழிக்காது, கரைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

இனிக் கண்காணிப்பு. நிலப்பக்கம் ஒன்று, கடல்பக்கம் மூன்று என்று நான்கு பிவிசி குழாய்கள் இறக்கினேன். இணைப்புக்குப் பசை தடவக் கூடாது, பசையின் கரைப்பான் ஆய்வு முடிவில் வந்து நிற்கும். மரையுள்ள குழாயாக வாங்குங்கள். நீர் உள்ளே வரக் குழாயில் அறுக்கும் கண்கள் மே மாதத்து நீர்மட்டத்துக்குக் கீழிருந்து டிசம்பர் மட்டத்துக்கு மேல்வரை இருக்க வேண்டும். பலர் நீருக்குள் மட்டும் கண் வைத்துவிடுகிறார்கள். மிதக்கும் எண்ணெய் எப்படி உள்ளே வரும்? கண்களைச் சுற்றிப் பருமணல், அதற்கு மேல் களிமண் அடைப்பு, தலையில் பூட்டுள்ள மூடி. கொத்தனாரின் டியூப் லெவலால் எல்லாக் குழாய்த் தலைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்தால், நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரியும். எங்களுடையது கடலை நோக்கி, லாத்தாவின் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் கிணற்றை நோக்கி.

எண்ணெய்க் கனம் அளக்க டேங்கில் டீசல் அளக்க அப்பா வைத்திருந்த பழைய டிப் ராடே உதவியது. அதில் வாட்டர் பேஸ்ட் தடவி இறக்கினால் நீர் பட்ட இடம் நிறம் மாறும்; அதற்கு மேல் எண்ணெய் நனைத்த தடம். இரண்டுக்கும் இடைப்பட்டது எண்ணெய். மண்ணுக்குள் இருப்பதைவிடக் குழாயில் கனம் கூடுதலாகவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். கடலோரக் குழாய்களில் நீர்மட்டம் ஏற்றவற்றத்தோடு ஆடும். ஒவ்வொரு முறையும் ஒரே வற்றத்தில் அளக்க வேண்டும்.

முதல் டிசம்பரில் ராடில் எண்ணெய்த் தடமே இல்லை. வாடை மழை கழுவிவிட்டது என்று லாத்தாவிடம் போய்ச் சொல்லியும் வந்தேன். மே மாதம் மூன்றாம் குழாயில் இரண்டு விரற்கடை எண்ணெய் நின்றது. நீர் ஏறும்போது எண்ணெய் மணல் இடுக்குகளில் சிக்கி நீருக்கடியில் நின்றுவிடுகிறது. நீர் இறங்கியதும் மறுபடி குழாய்க்கு வருகிறது. அந்த மூலையை இன்னும் இரண்டு முழம் அகலப்படுத்தித் தோண்டினோம். அதிலிருந்து மழைக்காலத்து அளவை நோட்டில் எழுதுவேன், தீர்ப்பை மே மாதத்துக்கே விடுவேன்.

ஆய்வகத்துக்கு மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை அடைத்து அனுப்புங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஐஸ் பெட்டிக்கு மீன்காரர்களின் ஐஸே போதும். அன்று காலை வண்டிக்கு டீசல் போட்ட கையால் மாதிரி எடுக்காதீர்கள். கிணற்றுநீருக்குப் பென்சீனும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

அடுத்தடுத்து இரண்டு மே மாதங்கள் ராடு சுத்தமாக வந்திருக்கிறது. மூன்றாவதும் அப்படியே வந்தால், வாரியத்துக்கு எழுதிவிட்டுக் குழாய்களைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்துவிடப் போகிறேன். திறந்து கிடக்கும் குழாய் அடுத்த அழுக்குக்கு வழி. லாத்தா இப்போது கிணற்று நீரில் துணி துவைக்கிறார். குடிக்க மட்டும் இன்னும் குடத்துத் தண்ணீர்தான்.