லைம் நோயோடு வேறு உண்ணித் தொற்றும் பார்க்க வேண்டுமா?

அமெரிக்காவின் வடகிழக்கில் லைம் நோயைப் (உண்ணிக்கடியால் வரும் பாக்டீரியா தொற்று) பரப்பும் அதே கருங்கால் உண்ணி, பெபீசியா (சிவப்பணுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணி), அனாபிளாஸ்மா (வெள்ளணுக்களைத் தாக்கும் பாக்டீரியா) கிருமிகளையும் ஏற்றிவிடலாம். தோலில் தடிப்பு மட்டும்தான், காய்ச்சல் இல்லை என்றால் கூடுதல் பரிசோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை. கடும் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருந்தாலோ, லைமுக்கான மருந்து தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

முதலில் சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை. தட்டணுக்கள் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கூடவே ரத்தசோகையும் இருந்தால் பெபீசியா பக்கம் பாருங்கள். அதை உறுதிசெய்ய ரத்த ஸ்மியர் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை). அனாபிளாஸ்மா பிசிஆருக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவதற்கு முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. ஆனால் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத்தில் எடுக்கும் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) பரிசோதனையில் வரும் 'நெகட்டிவ்' நம்பகமானதல்ல.

டாக்ஸிசைக்ளின் லைம், அனாபிளாஸ்மா இரண்டையும் அடக்கும், பெபீசியாவை அடக்காது. பெபீசியாவுக்கு அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் என்ற இரு மருந்துகளும் சேர்ந்து வேண்டும். அறிகுறியே இல்லாமல் எல்லாக் கிருமிக்கும் சேர்த்து 'பேனல்' பரிசோதனை எடுப்பது காசுக்குத்தான் கேடு.