முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி? காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு

காரைக்குடி கல்லுக்கட்டியில் நின்று ஒரு டீ குடித்தால் நாலு சொந்தக்காரர்களாவது பார்த்துவிடுவார்கள். டாஸ்மாக் வரிசையில் நிற்கும்போது வராத வெட்கம், குடியை விடுகிற கூட்டத்துக்குக் கிளம்பும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். தொடர்பு எண் எழுதிய துண்டுச்சீட்டை ஏழு மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஏழு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்துபோன இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. அதில் ஒருவர் டாக்டர். கட்டணம் இல்லை, உறுப்பினர் படிவம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படியானால் இன்றைக்கே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று போய், உயிருக்கே ஆபத்தாகலாம். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டத்தில் மருந்து கொடுக்க மாட்டார்கள். வைத்தியம் வேறு, கூட்டம் வேறு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிப் பொடி வாங்காதீர்கள். உள்ளே என்ன மருந்து இருக்கிறதோ! சில மருந்துகளுக்கு மேல் சாராயம் போனால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார்.

இரண்டாம் படி: ஒரே ஒரு போன்

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணமில்லை. மனசு ரொம்பத் தளர்ந்திருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். அங்கே தமிழிலேயே பேசலாம். கூட்டம் எங்கே என்று தேட, ஏ.ஏ. இந்தியாவின் இணையதளம் இருக்கிறது. கிடைத்த எண்ணில் கூப்பிட்டு, ‘அண்ணே, நான் புதுசு, கூட்டத்துக்கு வரணும்’ என்றால் போதும், முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, கட்டடத்துக்குள் எந்த வாசல் வழியாக வர வேண்டும், ஓபன் மீட்டிங்கா குளோஸ்டு மீட்டிங்கா. ஓபன் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். குளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். வாசலைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் வாசல் தெரியாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அதையே சாக்காக வைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் படி: எந்த ஊர்க் கூட்டம்?

பக்கத்தில் இருப்பதுதான் நல்லது, வாராவாரம் போக முடியும். ஆனால் தெரிந்த முகம் இருக்குமோ என்ற பயத்தில் கால் நகரவில்லை என்றால், முதல் சில வாரம் மதுரைக்கோ திருச்சிக்கோ போங்கள். தெரிந்தவர் இருந்தால்தான் என்ன, அவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார் என்பது போகப்போகத்தான் புரியும். பஸ்ஸுக்கும் வழியில்லையா, இணையவழிக் கூட்டம் இருக்கிறது. மொட்டை மாடியில் உட்கார்ந்து, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். பெண்களுக்கும் இதே கூட்டம்தான். ஆண்கள் நடுவே தனியாக உட்காரத் தயக்கமாக இருந்தால், பெண் உறுப்பினர் யாராவது பேசுவார்களா என்று போனிலேயே கேளுங்கள்.

நான்காம் படி: உள்ளே

வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலி, சில இடங்களில் டீ. ஒருவர் எழுந்து முதல் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதுதான் பெரிய அதிசயம். உங்கள் முறை வந்தால், ‘இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லி உட்காரலாம். விருப்பப்பட்டவர் காசு போடப் பை ஒன்று சுற்றி வரும், போடாவிட்டாலும் தப்பில்லை. பிரார்த்தனை உண்டு, எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும், அது ஒன்றில் மட்டும் கறார்.

ஒரு கூட்டத்தோடு முடிவு கட்டாதீர்கள். எனக்கு முதல் கூட்டம் பிடிக்கவே இல்லை. மூன்றாவதில் ஒருவர், கிடாவெட்டுக்குப் போன இடத்தில் பந்திக்குப் பின்னால் ஒளித்துவைத்த பாட்டிலைப் பற்றிச் சொன்னார். அது என் கதை.

ஐந்தாம் படி: கிளம்பும் முன்

இரண்டு பேரிடமாவது போன் எண் வாங்குங்கள். அடுத்த காதுகுத்துக்கோ கறிவிருந்துக்கோ போகும் முன் அவர்களைக் கூப்பிடுங்கள், பிறகு அல்ல. வீட்டில் மனைவி, ஆத்தாவுக்கு அல்-அனான் என்ற தனிக்கூட்டம் இருக்கிறது, அதையும் விசாரித்து வையுங்கள்.

மதுரைக் கூட்டம் எட்டு மணிக்கு முடிந்து, மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி வந்து இறங்கும்போது பத்தரை ஆகிவிடும். டாஸ்மாக்கைப் பத்துக்கே சாத்தியிருப்பார்கள். ஆரம்ப வாரங்களில் என்னைக் காப்பாற்றியதில் பாதி அந்த பஸ்தான்.