பெயர் தெரியாத உலோகத்தை அடர்த்தியால் இனங்காணல்: கனவளவைத் தராசிலேயே அளக்கும் முறை

ஆய்வுகூடத்தில் ஆசிரியர் தரும் உலோகத் துண்டு எதனால் ஆனது என்பதைக் கண்டறிய, அதன் திணிவைக் கனவளவால் வகுத்துக் கிடைக்கும் அடர்த்தியை அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும் என்பது மாணவர் எல்லோரும் அறிந்ததே. திணிவை அளப்பதில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. விடை பிழைப்பது கனவளவை அளக்கும் இடத்திலேயே. ஆகவே அந்தப் படியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, புறக்கோட்டையில் குழாய்ப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், வெள்ளிபோல் பளபளக்கும் ஒரு சிறிய நீர்க்குழாய் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அது துருப்பிடிக்காத உருக்காக இருக்கலாம். குரோமியம் பூசிய பித்தளையாகவோ நாகக் கலப்புலோகமாகவோகூட இருக்கலாம். கன சென்ரிமீற்றருக்கு, உருக்கின் அடர்த்தி ஏறத்தாழ 8.0 கிராம், பித்தளையினது 8.4 முதல் 8.7 வரை, வார்ப்புக்குப் பயன்படும் நாகக் கலப்புலோகத்தினது 6.6 அளவில். காந்தம் ஒட்டாவிட்டால் சாதாரண இரும்பை விலக்கிவிடலாம்; ஆனால் துருப்பிடிக்காத உருக்கிலும் காந்தம் ஒட்டாத வகைகள் இருப்பதால், உருக்கையும் பித்தளையையும் பிரித்தறிய அடர்த்தியையே நாட வேண்டும்.

முதலில் உள்ளிருக்கும் இறப்பர் வளையத்தைக் கழற்றி, துண்டைக் கழுவி நன்கு உலர்த்தி நிறுத்துக்கொள்ளுங்கள். திணிவு 42.60 கிராம் என்று கொள்வோம்.

இனி கனவளவு. ஒரு மில்லிலீற்றர் பிரிவுகள் கொண்ட 100 மில்லிலீற்றர் அளவுச்சாடியில் துண்டை அமிழ்த்தினால், நீர்மட்டம் 50இலிருந்து ஏறத்தாழ 55க்கு உயரும். பிறையுருவின் (வளைந்து நிற்கும் நீர்மேற்பரப்பின்) அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்து எவ்வளவு கவனமாக வாசித்தாலும், அரைப் பிரிவு அளவு ஐயம் எஞ்சும். அதாவது உண்மையான கனவளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம், அடர்த்தி 7.7 முதல் 9.5 வரை எங்கேயும் விழலாம். இரும்பு, உருக்கு, பித்தளை, செப்பு ஆகிய நான்குமே அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால், இந்த வாசிப்பைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அரைக் கிலோ நிறையுள்ள பெரிய துண்டுக்கு அளவுச்சாடி போதும். சிறிய துண்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாகத் தராசையே பயன்படுத்துங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு இதற்கு மிகப் பொருத்தமானது. பாடசாலைகளில் உள்ள முக்கோல் தராசை விட இதையே நான் விரும்புகிறேன். இவ்வகைத் தராசுகள் பல 200 கிராமுக்கு மேல் தாங்காதவை என்பதால், கனமான கண்ணாடி முகவையை விடுத்து மெல்லிய பிளாஸ்டிக் குவளையில் நீரெடுத்துத் தட்டில் வையுங்கள். வாசிப்பைப் பூச்சியமாக்குங்கள். பின்னர் துண்டை நூலில் கட்டி, ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டு, முழுவதும் அமிழும்படி ஆனால் குவளையின் அடியையோ பக்கங்களையோ தொடாதபடி இறக்குங்கள். நீர் துண்டை மேலே உதைக்கும் அதே அளவு விசையால் துண்டும் நீரைக் கீழே அழுத்துகிறது. எஞ்சிய நிறையை நூல் தாங்கிக்கொள்கிறது. ஆகவே தராசு காட்டுவது இடம்பெயர்ந்த நீரின் திணிவை மட்டுமே. நம் உதாரணத்தில் அது 5.02 கிராம். கொழும்பின் அறை வெப்பநிலையான 30 பாகையளவில் நீரின் அடர்த்தி 0.996 என்பதால் கனவளவு 5.04 கன சென்ரிமீற்றர், அடர்த்தி 8.45. பித்தளை.

இந்தப் படியில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். குழாய் இணைப்பின் உட்புறத் திருகு வரிகளில் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 0.1 மில்லிலீற்றர் காற்று ஒளிந்திருந்தாலும் அடர்த்தி 8.3க்கு இறங்கி, உருக்குக்கும் பித்தளைக்கும் நடுவில் நின்றுவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டை நீருக்குள்ளேயே சாய்த்தும் திருப்பியும் ஆட்டினால் குமிழ்கள் வெளியேறும். பருத்தி நூல் நீரை உறிஞ்சும். தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய நைலோன் இழையே நல்லது. கையால் பிடித்துத் தொங்கவிட்டால் வாசிப்பு நிலைகொள்ளாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் காற்றில் கடைசி இரண்டு இலக்கங்களும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும்.

செட்டியார் தெருவில் வாங்கிய நகையையும் இப்படிச் சோதிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கல் பதித்த நகைக்கும் உள்ளீடற்ற வளையலுக்கும் இம்முறை பொருந்தாது. ஒரே சீரான தங்கக்கட்டியிலும், அடர்த்தி 19.3 என்று வருவதனால் மட்டும் அது தங்கம் என்று முடிவுசெய்ய முடியாது. தங்குதன் (tungsten) என்னும் வேறோர் உலோகத்தின் அடர்த்தியும் ஏறத்தாழ அதுவே. எண் பொருந்தாதபோது உறுதியாக மறுக்கலாம். பொருந்தும்போது வேறொரு சோதனையும் செய்துபார்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: மிதக்கும் பொருளை என்ன செய்வது என்று ஆசிரியர் ஒருவர் கேட்டதற்கு இணங்க இதைச் சேர்க்கிறேன். மெழுகுதிரித் துண்டையோ பொலித்தீன் மூடியையோ மெல்லிய ஊசியின் நுனியால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அழுத்திப் பிடித்தால், அப்போது தராசு காட்டும் வாசிப்பும் முழுக் கனவளவுக்கு உரியதே. ஊசியையும் தாங்கியிலேயே பொருத்திவிடுங்கள். படிகாரம்போல் நீரில் கரையும் பொருளுக்குத் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தி, வாசிப்பை எண்ணெயின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். அது ஏறத்தாழ 0.92 ஆயினும், 50 மில்லிலீற்றர் எண்ணெயை நிறுத்து நீங்களே கணித்துக்கொள்வது சிறந்தது. குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் வெப்பநிலை 24 பாகையளவுக்கு இறங்கினால் எண்ணெய் உறையத் தொடங்கும் என்பதால், அளவீட்டை முடிக்கும்வரை குளிரூட்டியை நிறுத்திவையுங்கள்.