கையெழுத்துப் போடும் முன்: சுரங்கத்துக்குச் சம்மதம் கேட்கப்படும் ஊர்கள் செய்யக் கூடாத தவறுகள்

சுரங்கம் வரப்போகும் ஊர்களில் மக்கள் முதலில் தடுமாறுவது கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் கிராம சபையையும் ஒன்றென்று நினைப்பதால்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக் கேட்பில் ஊரே எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்னாலும் அதனால் மட்டும் திட்டம் நின்றுவிடாது. அங்கே சொல்வது பதிவாகும், அவ்வளவுதான். இத்தனை பேர் வந்தால்தான் அந்தக் கூட்டம் செல்லும் என்ற கணக்குகூடக் கிடையாது.

காட்டில் வாழும் மக்களின் உரிமைகளைக் காக்கும் வன உரிமைச் சட்டத்தின்படி கூடும் கிராம சபை அப்படியல்ல. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தனியாகக் கொடுக்கும் கடிதம் இதற்கு ஈடாகாது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை எடுக்கும் திட்டம் இந்தச் சபைகளிடம்தான் தோற்றது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் விஷயத்தைக் கிராம சபைகளின் முன் வைக்கச் சொன்னது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்கள் இழப்பீட்டுக்குப் பேரம் பேசவில்லை. தங்கள் தெய்வமான நியமராஜா குடியிருக்கும் மலை, அதில் பிறக்கும் ஓடைகள், தங்கள் வழிபாடு ஆகியவற்றைப் பேசினார்கள். சமய, பண்பாட்டு உரிமைகளையும் சபை ஆராய வேண்டும் என்று தீர்ப்பே சொல்லியிருந்தது. வேலையையும் பணத்தையும் மட்டும் பேசும் ஊர் இங்கேதான் சறுக்குகிறது. "வேலை கொடுத்தால் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னதை, ஊர் நிபந்தனையோடு சம்மதித்ததாக எழுதிக்கொள்ள முடியும்.

எனக்கு மிகவும் பதற்றம் தருவது வருகைப் பதிவேடு. வந்ததற்கு அடையாளமாகப் போட்ட கையெழுத்துக்கு மேலே பிறகு ஒரு தீர்மானம் எழுதப்பட்டால், அதைப் பொய்யென்று நிரூபிக்கும் சுமை ஊரின் தலையில் விழுகிறது. தீர்மானத்தை முழுவதும் எழுதி, ஊரின் மொழியில் உரக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் கலைந்து போகாதீர்கள்.

மறுத்தாகிவிட்டது என்று அந்த நகலைத் தொலைத்துவிடவும் வேண்டாம். நியம்கிரிக்கு 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்த பிறகும், மறுபடி கிராம சபைகளைக் கூட்ட வேண்டும் என்று ஒடிசா தரப்பு 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.