கடத்தும் பாலிமர் படலத்தில் கதிர்வீச்சின் விளைவை அளப்பது எப்படி?

கடத்தும் பாலிமர் என்பது மின்சாரத்தைக் கடத்தும் ஒரு வகைப் பிளாஸ்டிக். அதன் மெல்லிய படலம் ஒன்றைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அதன் மின்தடை மாறும். அதைப் பார்ப்பது சுலபம். மாற்றத்துக்குக் காரணம் கதிரா, விளக்கின் சூடா, காற்றின் ஈரமா என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம். நான் முதலில் செய்தபோது ஒரு மணி நேரத்தில் மின்தடை குறைந்தது. கதிர் பட்டதால் நன்றாகக் கடத்துகிறது என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் வரை படலத்தை வெளியில் வைத்திருந்தேன். மின்தடை பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. விளக்குச் சூட்டில் ஈரம் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கவே இந்தச் செய்முறை.

படி 1: கண்ணாடியைக் கழுவுதல்

படலத்தைப் போடப்போவது கண்ணாடித் துண்டுகளின் மேல். அவற்றைச் சோப்புத் தண்ணீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரப்பனால் என்ற வரிசையில் கழுவி உலர்த்துங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் அழுக்கு இன்னும் போகவில்லை. பரவி ஓடினால் சரி.

படி 2: படலம் போடுதல்

ஆரம்பத்துக்குப் பெடாட்-பிஎஸ்எஸ் (PEDOT:PSS) என்ற கடத்தும் பாலிமர் கலவை நல்லது. நீரில் கலந்த கருநீலத் திரவமாகவே கிடைக்கும். அதில் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ (DMSO) என்ற கரைப்பானைச் சேர்த்தால் கடத்துதிறன் பல மடங்கு கூடும். 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டு, கண்ணாடியைச் சுழற்றித் திரவத்தை மெல்லிதாகப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். அப்புறம் 120 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்குங்கள். ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து நான்கு படலமாவது போடுங்கள். வேறு வேறு நாளில் போட்டவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை.

படி 3: கதிருக்கு முன் அளத்தல்

நான்கு முனைக் கருவியில் வெளி முனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்தும், உள் முனைகள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். அதனால் முனை தொடும் இடத்து மின்தடை கணக்கில் நுழையாது. முனைகள் ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் இருக்க, படலம் அந்த இடைவெளியைவிட நன்றாக அகன்றிருந்தால்:

தள மின்தடை (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை) = 4.53 × (மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்)

1 மில்லி ஆம்பியர் செலுத்தி 50 மில்லி வோல்ட் வந்தால் சுமார் 227 ஓம். ஒவ்வொரு படலத்திலும் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

படி 4: கதிரில் வைத்தல்

254 நானோமீட்டர் விளக்கை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். திறக்கும் முன் விளக்கை அணைத்துவிட வேண்டும். கண்ணும் தோலும் இந்த ஒளிக்குத் தாங்காது. படலம் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும், ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தை அப்படியே விழுங்கிவிடும்.

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டு படலங்களை வெறுமனே வையுங்கள். மற்ற இரண்டை அதே பெட்டியில், அதே தூரத்தில், அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மடித்து மூடி வையுங்கள். தாள் படலத்தைத் தொடக்கூடாது. ஓரத்தில், ஒளி நேரே விழாத பக்கமாக, காற்றுப் போகச் சிறு இடைவெளி விடுங்கள். சூடும் ஈரமும் நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒளி மட்டும் இரண்டுக்குத்தான் கிடைக்கும்.

1, 2, 4, 8 மணி நேரம் ஆனதும் எடுத்து, அரை மணி நேரம் அறையில் ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

படி 5: கணக்குப் பார்த்தல்

உதாரணத்துக்கு, ஒளி பட்ட படலம் 227-லிருந்து 410 ஓம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அது 1.81 மடங்கு. மூடியிருந்தது 227-லிருந்து 260 ஆனால் 1.15 மடங்கு. 1.81-ஐ 1.15-ஆல் வகுத்தால் 1.57 வரும். ஒளியின் கணக்கில் எழுத வேண்டியது இந்த 1.57-ஐத்தான்.

ஒளி பட்டால் மின்தடை ஏன் கூடுகிறது? 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். 254-க்கு அது 4.9. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் சுமார் 3.6. அதாவது, உறிஞ்சப்படும் ஒரு துகளுக்குப் பிணைப்பை அறுக்கும் தெம்பு உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொண்டு, பெடாட் வளையத்தின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடும் இரட்டைப் பிணைப்புத் தொடர் அங்கே அறுபடுகிறது. மின்சுமை ஓட வழி குறைகிறது. நைட்ரஜன் சூழலில் இதே சோதனையைச் செய்தால் சிதைவு மெதுவாக நடப்பதைக் காணலாம்.

கதிர் என்றாலே கெடுதல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாலிஅனிலின் இன்னொரு கடத்தும் பாலிமர். அதன் அதிகம் கடத்தாத நீல நிற வடிவத்தைப் பிவிசியோடு கலந்து காமா கதிரில் வைத்தால், பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறிப் பாலிஅனிலினோடு சேரும். நீலம் பச்சையாகும், கடத்துதிறன் ஏறும். எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கவே இந்த மாற்றம் பயன்படும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

அடுத்து காமா கதிருக்குப் போக ஆசை வந்தால், காமா கதிரை வெளியிடும் கோபால்ட்-60 வைத்திருக்கும், அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அதன் கதிர்கள் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை. அலுமினியத் தாள் எதையும் மறைக்காது. அதனால் ஒப்பீட்டு மாதிரியைக் கதிருக்கு வெளியே, அதே வெப்பத்தில் வையுங்கள். அதிக அளவு காமா பட்டால் கண்ணாடியே பழுப்பாகிவிடும். நிறம் மாறியது படலம் என்று ஏமாறாமல் இருக்க, படலம் போடாத வெறும் கண்ணாடி ஒன்றையும் மாதிரிகளோடு சேர்த்து அனுப்புங்கள்.