கழற்றி மாட்டும் சப்வூஃபர் பெட்டி: மலையில் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலோ குன்னூரிலோ கார் வைத்திருப்பவர் டிக்கியைப் பாட்டுக்கென்று எழுதிக்கொடுத்துவிட முடியாது. மேட்டுப்பாளையம் இறங்கினால் மாதச் சாமான், கோவை ஆஸ்பத்திரிக்குப் போனால் பெட்டி படுக்கை, தோட்டம் இருந்தால் கேரட் மூட்டை. அதனால்தான் இங்கே பலரும் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக 'சப்') பெட்டியைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்கிறார்கள். ஆனால் சத்தத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்துவிட்டு, கழற்றுவதைக் கடைசியில் யோசிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஸ்பேனரும் இருபது நிமிடமும் கேட்கும் பெட்டியை யாரும் கழற்றுவதில்லை. கையில் கருவி எதுவும் இல்லாமல், ஒரே ஆள் இரண்டு நிமிடத்தில் வெளியே எடுக்க முடிய வேண்டும். முதல் கோடு போடும்போதே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்டெப்னிக்கு மேல் பூட்டுப் போடுவது

டிக்கித் தரையோடு பெட்டியை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பல கார்களில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் அந்தத் தரைப் பலகைக்கு அடியில்தான் இருக்கின்றன. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் டயர் பஞ்சரானால், யானை நடமாடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டு நிற்க நேரும். இன்னொரு ஆபத்தும் உண்டு: நீள ஸ்க்ரூ தரைத் தகரத்தைத் தாண்டினால் அடியில் பெட்ரோல் டேங்கோ பிரேக் பைப்போ இருக்கலாம். கீழே குனிந்து பார்க்காமல் தகரத்தில் துளை போடவே கூடாது.

இதற்கு நேர்மாறான தவறு, ஒன்றும் கட்டாமல் சும்மா வைப்பது. 10 இஞ்ச் சப்போடு சேர்த்துப் பெட்டி 14, 15 கிலோ வரும். பர்லியார் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் அது பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முதுகை நோக்கித்தான் வரும். வெல்க்ரோ நழுவலைத் தடுக்கும், மோதலில் தாங்காது. டிக்கியில் சாமான் கட்டும் கொக்கிகள் இருந்தால், 25 மி.மீ. ராட்செட் பெல்ட் இரண்டைப் பெட்டியின் மேல் குறுக்காகப் போட்டு இறுக்குங்கள். எடுக்கும்போது இரண்டு நெம்புகோலைத் தூக்கினால் போதும். கைப்பிடிக்காகப் பலகையை வெட்டித் துளைக்காதீர்கள், காற்று கசியும். வெளியில் பொருத்தும் பட்டைக் கைப்பிடியை வாஷர் வைத்து போல்ட் போட்டு, துளையைச் சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள்.

வெளி அளவை வைத்துக் கொள்ளளவு போடுவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மூடிய பெட்டியில் 10 இஞ்ச் சப்புக்கு ஏறக்குறைய 17 முதல் 28 லிட்டர் வரை கேட்பார்கள். சரியான எண் சப்போடு வரும் தாளில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். 400 × 320 × 230 மி.மீ. என்பது உள்ளளவாக இருந்தால் 29.4 லிட்டர். ஆசாரி அதை வெளியளவாக எடுத்துக்கொண்டு 18 மி.மீ. பலகையில் அடித்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது 20 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பேஸ் ஆழமாக இறங்காமல் ஒரே சுருதியில் முட்டும். பழி சப்பின் மேல் விழும்.

இந்த உள்ளளவுக்கு வெட்ட வேண்டியவை: முன், பின் பலகைகள் 436 × 356, மேல், கீழ் 436 × 230, பக்கங்கள் 320 × 230. ஒவ்வொன்றிலும் இரண்டு. 4 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்றிலேயே ஆறும் அடங்கிவிடும், முழு ஷீட் வாங்கத் தேவையில்லை. பிளைவுட் கடை மெஷினிலேயே வெட்டி வாங்குங்கள். கை ரம்பத்தில் வெட்டினால் இணைப்பில் இடைவெளி விழும். சப்பின் காந்தமும் கூடையும் (அதைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தின்னும். மூலைகளில் 20 மி.மீ. ரீப்பர் (மரப்பட்டி) ஓட்டினால் இன்னும் ஒரு லிட்டர். அசலாகக் கையில் நிற்பது 26, 27 லிட்டர்.

சமவெளிப் பக்குவத்தில் பலகையும் பசையும்

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) சத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் ஈரத்துக்கு ஆகாது. கூடலூர், தேவாலா மழையில் நனைந்த டிக்கி மேட்டின் மேல் நாலு நாள் இருந்தால் அதன் வெட்டு விளிம்பு பிஸ்கட் போல ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. இந்த மலைக்கு ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரை உள்ள 18 மி.மீ. பிளைவுட்தான் ஏற்றது. விலை கூடுதல், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலிவான பிளைவுட்டில் உள் அடுக்குகளுக்கு நடுவே பொந்து இருக்கும். பேஸ் அடிக்கும்போது அங்கேயிருந்துதான் 'கர்ர்' என்று வரும். எம்டிஎஃப்தான் வேண்டுமென்றால் விளிம்பு முழுவதும் சீலர் இரண்டு கோட் கொடுங்கள்.

பசை விஷயத்தில் குளிரை மறந்துவிடுகிறார்கள். வெள்ளை மரப்பசை சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. காய்ந்த பின் சுண்ணாம்பு போல வெளுத்து, தட்டினால் விட்டுவிடும். ஊட்டியில் மார்கழி, தையில் உறைபனி விழும் ராத்திரிகளில் வெளிக் கொட்டகையில் ஒட்டிவைத்த பெட்டிக்கு இதுதான் கதி. பலகையையும் பசையையும் முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். பகலில் ஒட்டி, கிளாம்ப் போட்டு, சுவரடுப்பு இருக்கும் அறையில் 24 மணி நேரம் விடுங்கள். மூடுபனிக் காலமென்றால் 48. ஸ்க்ரூவுக்கு முன்னால் சிறு துளை போட்டுக்கொள்வது கட்டாயம், இல்லாவிட்டால் விளிம்பு பிளக்கும். 40 மி.மீ. ஸ்க்ரூவை 12 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டால் போதும்.

கார்பெட் ஒட்டும் ரப்பர் பசைக்கும் இதே கவனம் வேண்டும். மேகம் இறங்கிய நேரத்தில் பூசினால், பசையின் மேல் ஈரம் படிந்துவிடும். ஒட்டியது போலத் தோன்றி மறுவாரம் உரியும்.

இணைப்புகளை அடைக்க வாங்கும் சிலிக்கானில் புளித்த காடி வாடை வந்தால், அது முழுக்கக் காயும் முன் சப்பை மாட்டாதீர்கள். அந்த ஆவி உள்ளே அடைபட்டால் உலோக முனைகளை அரிக்கும்.

ஏற்றத்தில் காற்று விரிவதை மறப்பது

சமவெளிக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு இந்தப் பிரச்சினையே வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கீழே அடைத்த 30 லிட்டர் காற்று மேலே 37 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 10 இஞ்ச் கோன் (சப்பின் முன்னால் அதிரும் கூம்பு) 10 மி.மீ. முன்னால் வந்தாலும் தரக்கூடியது கால் லிட்டரிலிருந்து அரை லிட்டருக்குள்தான். மீதிக் காற்று மெதுவாக வெளியேறியே ஆக வேண்டும். வழக்கமாக டஸ்ட் கேப் (கோன் நடுவில் உள்ள மூடி) வழியாகவும் கோன் ஓரம் வழியாகவும் கசிந்து சமமாகிவிடும். ரப்பர் ஓரமும் பிளாஸ்டிக் கோனும் உள்ள சப்பை வைத்து, எல்லா இடத்தையும் சிலிக்கானால் பூசி மெழுகிவிட்டால் அந்த வழி அடைபடும்: ஊட்டி போய்ச் சேரும்போது கோன் வெளியே பிதுங்கி நிற்கும், பேஸ் வறண்டு கரகரக்கும். இறங்கும்போது உள்ளே இழுபடும்.

பின்பலகையில் 1 மி.மீ. துளை ஒன்று போதும். அது பேஸைக் கெடுக்காது, ஏற்றத்தின் இரண்டு மணி நேரத்தில் காற்றை விட்டுவிடும். இதைச் சாக்காக வைத்து இணைப்புகளை ஓட்டையாக விட்டுவிடக் கூடாது. குறைந்த அதிர்வெண் டோன் ஒன்றை ஓட விட்டு, மூலைகளின் ஓரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை துடிக்கும் இடம் கசியும் இடம்.

உள்ளே நிரப்பப் பருத்திப் பஞ்சு வேண்டாம். ஈரம் இழுத்துக் கட்டியாகும். தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் நார் ஒரு 400 கிராம் போதும், காந்தத்தின் பின்துளையை அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்பை மர ஸ்க்ரூவில் பூட்டாமல் டி-நட் (பலகைக்குப் பின்னால் பதியும் நட்), போல்ட் போடுங்கள். மேலே இரும்பு கிரில் அவசியம்: கேரட் மூட்டை ஒருமுறை உரசினாலே கோன் கிழிந்துவிடும்.

ஒயரைத் தொங்க விடுவது

ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பெட்டியில் வேண்டாம், சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். அப்போது கழற்ற வேண்டியது ஒரே ஸ்பீக்கர் ஒயர். அதை முறுக்கி டேப் சுற்றாமல், திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் சாக்கெட் போடுங்கள். பெட்டியை எடுத்த பின் அவிழ்ந்த இரண்டு நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் ஆம்ப் முடங்கும், சில ஆம்ப்கள் எரிந்தும் போகும்.

ஆம்ப் பெட்டியிலேயேதான் என்றால் கழற்றும் வரிசை மாறக் கூடாது: எல்லாவற்றையும் அணைத்து, முதலில் பாசிட்டிவ், பிறகு ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு வரும் ஒயர்), கடைசியில் எர்த். பாசிட்டிவ் இருக்கும்போதே எர்த்தை எடுத்தால் மின்சாரம் ஆர்சிஏ உறை வழியாக வழி தேடும். ஸ்டீரியோவின் உள்ளே எர்த் தடம் கருகிவிடும்.

300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் திறன்) ஆம்ப் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். 10 சதுர மி.மீ. அசல் செம்பு ஒயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்புப் பூச்சு அலுமினியம், வாங்காதீர்கள். இன்ஜின் பக்கச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் பூட்டுங்கள், சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள்.

கழற்றிய பெட்டியைச் சிமென்ட் தரையில் வைத்தால் இந்த ஈரத்தில் அடிப்பலகையில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு ரீப்பர் துண்டின் மேல், கோன் சுவரைப் பார்க்க, நிமிர்த்தி வையுங்கள்.